சாரல் ஊரில் ஒரு டயப்பர் தொட்டி

பயன்படுத்திய டயப்பரை நாற்றம் வெளியே வராமல் போட்டு வைக்கும், ரீஃபில் பை மாட்டும் டயப்பர் தொட்டிகள் இணையத் தள்ளுபடி ஒன்றில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டுக் கேரளத்துப் புனலூரில் பிரசவத்திற்குக் காத்திருக்கும் என் நாத்தனார், "மதினி, நீங்க வச்சிருக்கிறதையே வாங்கட்டுமா, இல்ல சும்மா மூடி போட்ட வாளி ஒண்ணு போதுமா?" என்று கேட்டிருந்தாள். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கி, பேச்சு ரீஃபிலுக்கு வந்ததும் என் குரல் உயர்ந்துவிட்டதால், நிதானமாக எழுதித் தருவதே அந்தத் தொட்டிக்கும் நியாயம், அவளுக்கும் நியாயம் என்று முடிவு செய்தேன். உயரம், கொள்ளளவு, நிறம் எல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடியும் எழுதப் போவதில்லை.

நாங்கள் இருப்பது செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடந்தும் சாரலைக் கொண்டுவந்து கொட்டும். அது ஓய்ந்து கொஞ்சம் வெயில் காய்வதற்குள் ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வந்துவிடும். குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது சுகம். கைக்குழந்தை உள்ள வீட்டில் கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும், காய்ந்தாலும் முடைநாற்றம் போகாது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினால் போதாதா என்று கேட்ட எங்கள் ஆச்சியே இரண்டாவது வாரத்தில் டயப்பருக்குச் சம்மதித்துவிட்டார். குழந்தைக்கென்று தனி அறை எங்களிடம் கிடையாது. நாங்கள் படுக்கும் அறையிலேயே உத்தரத்தில் சேலைத் தொட்டில், அதன் பக்கத்தில் அலமாரி, அலமாரியை ஒட்டி இந்தத் தொட்டி. சாரலுக்காகச் சன்னலைச் சாத்திவிட்டால் அந்த அறையில் எந்த நாற்றமும் வெளியே போக வழியில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். மூடியைத் திறந்து டயப்பரை வளையத்துக்குள் அழுத்தினால், உள்ளே இருக்கும் பிடிப்பான் அதை வாங்கிக்கொண்டு படத்தை, அதாவது ரீஃபிலாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை, இறுக்கி மூடிவிடுகிறது; மேலே உள்ள மூடி இரண்டாவது காவல். தாய்ப்பால் மட்டும் குடித்த மாதங்களில் இதன் அருமை தெரியவில்லை, ஏனெனில் அப்போது மலத்தில் பெரிய நாற்றம் இருக்காது. நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சியும் பருப்புச் சாதமும் ஆரம்பித்த பிறகுதான் இது என்ன வேலை செய்கிறது என்பது புரிந்தது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. ஈரமும் வெதுவெதுப்பும் நேரமும் கிடைத்தால் போதும், அந்தக் காரநெடி கண்ணைக் கரிக்கும். பக்கத்து வீட்டில் சாதாரண மூடி வாளியை வைத்திருக்கிறார்கள். அவர்கள் அறைக்குள் நுழைந்தாலே வாளி எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் அறைக்கு வரும் உறவினர்களோ இதைத் தண்ணீர் சுத்திகரிப்பான் என்று நினைத்து டம்ளரைத் தேடியிருக்கிறார்கள். எறும்பு வந்ததில்லை, பூனை உருட்டியதில்லை, தவழத் தொடங்கிய பிள்ளையாலும் பூட்டைத் திறக்க முடியவில்லை.

இவ்வளவையும் செய்வது தொட்டி இல்லை, படம். பெட்டியைப் பிரித்த நாளில் இது எனக்கு உறைக்கவில்லை. ரீஃபில் தீர்ந்த நாளில் நன்றாக உறைத்தது. வளையம் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நீளமான குழாய்ப் படத்தை மடித்து அடைத்துத் தருகிறார்கள். அடியில் ஒரு முடிச்சு, நிரம்பியதும் மேலே வெட்டி இன்னொரு முடிச்சு. நல்ல ரீஃபிலில் பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவே எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்னும் தடுப்புப் பொருளின் மெல்லிய அடுக்கு இருக்கும். சாதாரணப் பாலித்தீன் தண்ணீரைத்தான் தடுக்கும், வாசனை மூலக்கூறுகள் அதனூடே மெதுவாகக் கசிந்துவிடும்; அந்த நடு அடுக்குதான் அவற்றை நிறுத்துகிறது. ஆக, நாம் விலை கொடுத்து வாங்குவது அந்த நடு அடுக்கைத்தான், தொட்டி அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு கால். இந்தத் தள்ளுபடியிலோ காலுக்கு மட்டுமே விலை குறைந்திருக்கிறது, படத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதை நாத்தனார் கவனிக்க வேண்டும்.

அந்த ரீஃபில் தென்காசியில் கிடைக்காது. கொல்லத்தில் கேட்டுப் பார்த்தபோது கடைக்காரர் டயப்பர் பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார். இணையத்தில்தான் வாங்க வேண்டும், அதுவும் மூன்று மூன்றாகக் கட்டி விற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் வளையம் இன்னொரு நிறுவனத்தின் தொட்டியில் பொருந்தாமலிருக்க விளிம்பில் ஒரு சிறு பள்ளத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். 'இத்தனை டயப்பர் கொள்ளும்' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் பிறந்த குழந்தையின் மெல்லிய டயப்பரை வைத்துக் கணக்கிட்டதுதான். இரவு முழுவதும் நனைந்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் ஊதிப்போன ஒரு லார்ஜ் டயப்பரை அதற்குள் அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் மேல் கோபம் வராமல் இருக்காது. பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்து டயப்பர் ஆகும், ஒரு வயதுக்கு மேல் ஐந்தாறாகக் குறையும். ஆனால் ஒவ்வொன்றின் பருமனும் கூடிவிடுவதால் படம் செலவாகும் வேகம் குறைவதே இல்லை.

காலியான வளையத்தின் மேல் சாதாரணக் குப்பைப் பையை விரித்து மாட்டிக்கொள்ளும் உபாயம் பலருக்கும் தெரிந்ததுதான். நானும் மாட்டினேன். பை சரியாகவே உட்காரும், பிடிப்பான் சரியாகவே பிடிக்கும், ஆனால் மறுநாள் மாலைக்குள் அறைக்கு ஒரு நெடி வந்துவிடும். இந்தச் சோதனைதான் ரீஃபில் மேல் எனக்கிருந்த கோபத்தைத் தணித்தது, அதே சோதனைதான் தொட்டியின் மேல் கோபத்தைக் கிளப்பியது: அந்தப் படம் இல்லையென்றால் இது பக்கத்து வீட்டு வாளியைவிட ஓர் இம்மி உயர்ந்ததில்லை.

நாற்றத்தை எதைப் போட்டு அடக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் சோடாவைத் தூவச் சொல்வார்கள். அது புளிப்பான அமில நெடிகளைத்தான் அடக்கும். அம்மோனியா தானே காரம் என்பதால் சோடாவுக்கு அதனிடம் வேலையில்லை. கரித்துண்டும் அம்மோனியாவை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தொட்டியைக் கழுவும்போது வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் பலன் தெரியும். எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் டயப்பர் தொட்டிக்குள் செய்யவே கூடாது. பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சு வாயு கிளம்பும். பிள்ளை தூங்குகிற அறையில் அதைவிட ஆபத்து வேறில்லை.

இனி, இவ்வளவு நாளும் என்னை உறுத்திக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். படம் நிரம்பியதும் வெளியே வருவது ஒரு பொட்டலமாக வருவதில்லை. டயப்பர்கள் வரிசையாகக் கோத்த நீண்ட வெள்ளைக் குழாயாக, மலைப்பாம்பு ஆட்டை விழுங்கிக் கிடப்பதுபோல, அடுக்கடுக்காய்ப் புடைத்துக்கொண்டு வருகிறது. அதைத் தூய்மைப் பணியாளரின் வண்டியில் போட்ட முதல் தடவை, அந்த அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சாமானா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எல்லையை ஒட்டிய ஊர்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வெள்ளை மூட்டையை யாரும் சும்மா விடுவதில்லை. தரம் பிரிக்கும் இடத்தில் ஒருவர் அதை அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பல நாள் பிடித்து வைத்திருந்த நாற்றம் முழுவதும் அறுப்பவரின் முகத்தில்தானே அடிக்கும்? என் அறையை மணக்க வைத்த அதே படம் இன்னொருவருக்கு அந்தத் தண்டனையைக் கொடுக்கிறது என்றால், அதைத் திறமையான பொருள் என்று வாய் நிறையச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயன்படுத்திய டயப்பரை அதற்கென்று தரும் உறையிலோ பொருத்தமான வேறு உறையிலோ சுற்றித்தான் குப்பையில் சேர்க்க வேண்டும் என்றும், அந்த உறையை நிறுவனங்களே பாக்கெட்டோடு தர வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் எழுதப்பட்டது. பெங்களூரிலும் புனேயிலும் நாளிதழில் சுற்றி அதன் மேல் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்; பிரிக்கிறவர் கை வைக்காமலே அடையாளம் கண்டுகொள்வார். இப்போது நானும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உருட்டி ஒட்டி, நாளிதழில் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டே தொட்டிக்குள் தள்ளுகிறேன். படத்தை நிரம்பும்வரை காத்திராமல் வண்டி வருவதற்கு முந்தின இரவே வெட்டிவிடுகிறேன். நாற்றம் குறைந்தது, அந்த அக்காவின் முகச்சுளிப்பும் குறைந்தது. ரீஃபில் செலவு மட்டும் கூடியது, ஏனெனில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சாண் படம் வீணாகிறது.

பெடலின் சுருள்வில் ஒரு முறை கழன்றது. சைக்கிள் கடையில் சில ரூபாய்க்கு வேறு போட்டுத் தந்தார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் உடலைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. நாள்படப் பிளாஸ்டிக் நெடியை உறிஞ்சிக்கொள்ளும்; கழுவிக் கவிழ்த்தாலும் சாரல் மாதங்களில் உட்புறம் காயாமல் பூஞ்சை வாடை வேறு சேர்ந்துகொள்ளும். பெயின்ட் பூசிய எஃகில் வரும் தொட்டிகள் உண்டு. அவற்றில் எந்தப் பையையும் போடலாம், உடல் நெடியை வாங்காது, மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கும். ஆனால் அவற்றில் தடுப்புப் படம் இல்லாததால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் நாற்றம் முழுவதும் ஒரே மூச்சாக வெளியே வரும். தினமும் காலி செய்ய முடிகிற வீட்டுக்கு எஃகுதான் சரி.

நாத்தனாரின் கேள்விக்கு விடை தொட்டியைப் பார்த்துச் சொல்லக்கூடியதே இல்லை. புனலூரில் ஹரித கர்ம சேனை என்னும் கேரளத்துக் குப்பை சேகரிப்புக் குழுவினர் வீடு தேடி வருவது முதன்மையாகப் பிளாஸ்டிக் போன்ற மக்காத குப்பைக்காக; டயப்பரை எடுப்பார்களா, எடுத்தால் எந்த நாளில், எவ்வளவு கட்டணத்தில் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை முதலில் விசாரிக்கட்டும். நாள்தோறும் வெளியேற்ற வழியிருந்தால் சிறிய எஃகுத் தொட்டியும் ஒரு கட்டு நாளிதழும் போதும். வாரத்துக்கு ஒருமுறைதான் வழி என்றால் படம் போட்ட தொட்டி இல்லாமல் அந்த அறையில் படுக்க முடியாது. வழியே இல்லையென்றால் கொல்லைப்புறத்தில் போட்டு எரிக்கச் சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். தண்ணீரைக் குடித்து ஊதிய டயப்பர் சரியாக எரியாது, பிளாஸ்டிக் புகைதான் மிஞ்சும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பெரியதாகப் பார்த்து வாங்காதே என்பது மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். கொள்ளளவு கூடினால் காலி செய்யும் நாள் தள்ளிப்போகும், நாள் தள்ளிப்போனால் அம்மோனியா பெருகும், திறக்கும் அந்த ஒரு நிமிடம் அதற்கெல்லாம் சேர்த்து வட்டி வாங்கிவிடும்.

மொத்தத்தில், என்னிடம் இருக்கும் இந்தத் தொட்டி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறது, இரண்டு மழைக்காலங்களைத் தாக்குப்பிடித்திருக்கிறது, என் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் பாதி விலைக்குக் கிடைத்தாலும், குப்பை எடுக்கும் வழியை விசாரிக்கும்வரை வாங்க வேண்டாம் என்றே அவளுக்கு எழுதப் போகிறேன். நம்முடையதைப் புனலூருக்குக் கொடுத்தனுப்பலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, அடுத்த சாரல் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ரீஃபில் ஒரு கட்டு ஆர்டர் போட்டிருக்கிறேன்.