நின்று துடுப்பிடும் நீள்பலகைக்கு ஒற்றை ஃபின்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னுடைய பலகை 10 அடி நீளமும் 30 அங்குல அகலமும் கொண்டது. மூக்கு உருண்டு அகன்றிருக்கும், வால் சற்றே குறுகியிருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 140 லிட்டர், என் எடை 78 கிலோ. வாங்கும்போது ஃபின்களும், அதாவது பலகையின் அடியில் வால் பக்கமாகப் பொருத்தும் மீன்துடுப்பு வடிவத் தகடுகளும் கிடைத்தன: நடுவில் 7 அங்குல நைலான் ஃபின் ஒன்றும் இரு பக்கமும் சிறிய ஃபின்கள் இரண்டும் உடன் வந்தன. அந்த அமைப்பில் ஒரு பருவம் முழுவதும் அலையேறிய பிறகு, நீள்பலகைக்கே உரிய அந்த நிதானமான, நீண்டு வழுக்கும் ஓட்டம் வேண்டும் என்று தோன்றியதால் பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃபினுக்கு மாறினேன். அதன்பின் கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று ஃபின்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஃபின் என்பதைவிட, அதைச் செருகும் நீண்ட பள்ளமான பெட்டியில் எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதே பலகையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

படுத்தபடி கையால் நீரைத் தள்ளிச் செல்லும் பலகைக்குச் சொல்லப்படும் அறிவுரையை நின்று துடுப்பிடும் பலகைக்கு அப்படியே பொருத்த முடியாது. கைகளால் தள்ளுபவர் இரு புறமும் மாறி மாறித் தள்ளுகிறார். நாமோ ஒரே பக்கத்தில் தொடர்ந்து நான்கைந்து முறை துடுப்பிடுகிறோம். ஒவ்வொரு முறையும் மூக்கு எதிர்ப்பக்கம் விலகப் பார்க்கிறது, அந்த விலகலைத் தடுத்துப் பிடிப்பது ஃபின்தான். அலைக்காகக் காத்து நிற்கும்போதும் உடலின் எடை உயரத்தில் இருப்பதால் பலகை பக்கவாட்டில் ஆடும். ஆழமான, பரப்பு மிகுந்த ஃபின் அந்த ஆட்டத்தை ஓரளவு தணிக்கிறது. ஆனால் அலையில் இறங்கிய பிறகு நிலைமை மாறிவிடுகிறது. துடுப்பை நீரில் ஊன்றி அதையே அச்சாகக் கொண்டு திரும்ப முடிவதால், திரும்புவதற்கு ஃபினை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும்போதும் வெளியே போகும்போதும் பெரிய ஃபின் வேண்டும், அலையில் சிறியது போதும் என்ற இந்த இழுபறிக்கு நடுவில்தான் நம் தேர்வு அமைகிறது.

நான் முதலில் வாங்கியது 10 அங்குல நிமிர்ந்த ஃபின். பலகையின் நீளத்தில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற பொதுக் கணக்கை நம்பி அந்த அளவை எடுத்தேன். பின்சாய்வு மிகக் குறைவாகவும் நுனி அகன்றும் இருக்கும் வகை அது. துடுப்பிட்டு வெளியே போகும்போது பலகை கோடு கிழித்ததுபோல நேராகச் சென்றது. மெதுவான, இடுப்பளவு அலைகளில் மூக்குவரை நடந்துபோய் நின்றாலும் வால் அலைக்குள் அழுந்திப் பிடித்துக்கொண்டது. மூக்கில் நிற்பதே நோக்கம் என்றால் இதற்கு நிகரில்லை என்று இன்றும் சொல்வேன். குறை தெரிந்தது வேகமான அலைகளில்தான். முழுதாகப் பின்னால் நகர்ந்து வாலை மிதித்தால் பலகை சட்டென்று சுழலும். நடுவில் நின்றபடி விளிம்பைச் சாய்த்துத் திருப்பப் பார்த்தால் அசையவே அசையாது.

அந்த ஃபினின் ஆழத்தால் ஒரு சேதமும் நேர்ந்தது. கரையை நெருங்கும்போது நான் இறங்கத் தாமதித்ததால் ஃபினின் நுனி மணலில் ஊன்றிக்கொள்ள, பின்னால் வந்த நுரையலை பலகையைத் தள்ளியது. பெட்டியின் பின்முனையைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்தது. உள்ளே இருப்பது நுரைக்கூடு என்பதால் அப்படியே விட்டால் நீர் ஊறிப் பலகை கனத்துவிடும். இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, எப்பாக்ஸிப் பிசினும் கண்ணாடியிழைத் துணியும் வைத்து அடைத்த பிறகுதான் மீண்டும் நீரில் இறக்கினேன். அடிமட்டம் ஆழமில்லாத கடலில் 10 அங்குல ஃபினை நான் இப்போது பொருத்துவதே இல்லை.

அடுத்து வந்தது 9 அங்குலப் பின்சாய்வு ஃபின். திண்ணமான கண்ணாடியிழையால் ஆனது. திருப்பங்கள் நீண்டு, வளைந்து, ஒரே ஓட்டமாக வந்தன, வேகம் குறையவில்லை. கடற்பாசி மிதக்கும் நாள்களில் இதன் சாய்ந்த முன்விளிம்பில் பாசி தங்காமல் வழுக்கிப் போய்விடும். நிமிர்ந்த ஃபினிலோ அது கொத்தாகச் சுற்றிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல இருக்கும்.

மூன்றாவதும் 9 அங்குலம்தான், ஆனால் அடிப்பகுதி அகன்று நுனி மெலிந்த நெகிழ் ஃபின். 1935-இல் அமெரிக்க அலையேறி டாம் பிளேக் தம் பலகையின் அடியில் முதன்முதலாக ஃபின் பொருத்தியபோது, வால் பக்கவாட்டில் வழுக்காமல் இருந்தாலே போதும் என்பதுதான் தேவையாக இருந்தது. 1960-களில் அலையேறியும் பலகை வடிவமைப்பாளருமான ஜார்ஜ் கிரீனோ சூரை மீனின் வால் போன்ற வடிவத்தையும் அதன் நெகிழ்வையும் ஃபினுக்குக் கொண்டுவந்த பிறகு, அது வளைந்து நிமிர்ந்து உந்தவும் செய்யும் பொருளாயிற்று. அந்த உந்துதலை நம் கால்களிலேயே உணரலாம்: திருப்பத்தின் நடுவில் மெலிந்த நுனி வளைகிறது, திருப்பம் முடியும்போது அது நிமிர்ந்து பலகையை மெல்ல முன்னே தள்ளுகிறது. மார்பளவு அலைகளில் எனக்கு மிகவும் நிறைவளித்தது இதுதான். ஆனால் நுனியில் பரப்பு குறைவு என்பதால் காத்து நிற்கும்போது பலகை சற்றுக் கூடுதலாக ஆடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது சோர்வைத் தரலாம்.

இனி, முதலில் சொன்ன இட விஷயம். என் பலகையில் இருப்பது யூஎஸ் பாக்ஸ் எனப்படும் நீளமான பெட்டி, சுமார் 10.5 அங்குலம் இருக்கும். ஃபினின் அடிப்பகுதி அதைவிடக் குறுகியது என்பதால் முன்னும் பின்னும் நகர்த்த ஏறத்தாழ மூன்று அங்குல இடம் கிடைக்கிறது. பெட்டியின் ஓரமாக அரை அங்குலத்துக்கு ஒரு கோடு என்று பென்சிலால் குறித்துவைத்தேன். அதே கடலில், அதே நாளில், அதே ஃபினை அரை அங்குலம் மட்டும் நகர்த்திவிட்டு மீண்டும் ஐந்தாறு அலை ஏறிப் பார்ப்பேன். பின்னால் தள்ளத் தள்ளப் பலகை நேராக ஓடியது, வாலின் பிடிப்பு கூடியது, திருப்பம் இறுகியது. முன்னால் கொண்டுவந்தால் திருப்பம் இளகியது, மூக்கில் நிற்கும்போது மட்டும் வால் திடீரென விடுபட்டது. நிமிர்ந்த 10 அங்குல ஃபினை ஒன்றரை அங்குலம் முன்னே வைத்தபோது அது எவ்வளவோ இணக்கமாகிவிட்டது. அதை முதல் மாதமே செய்திருந்தால் இரண்டாவது ஃபினை அவ்வளவு சீக்கிரம் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே புதிய ஃபின் வாங்க நினைப்பவர்கள் கையில் இருப்பதை முதலில் நகர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. நைலான் ஃபின் அழுத்தத்தில் முறுக்கிக்கொள்கிறது; அது நெகிழ் ஃபினின் நெகிழ்வு அல்ல, வெறும் தளர்ச்சி. கண்ணாடியிழையே போதுமானது. என் எடையிலும் இந்த அலைகளிலும் கார்பன் இழை ஃபினுக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவர் நான் சொன்ன அளவுகளிலிருந்து ஓர் அங்குலம் வரை குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு முறை வேகம் கூடும்போதெல்லாம் பலகையின் அடியிலிருந்து வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் ஒலி கேட்டது. ஃபினைக் கழற்றிப் பின்விளிம்பை விரலால் தடவியபோது, நகம் சிக்கும் அளவுக்கு ஓரிடத்தில் சிறு பிசிறு இருந்தது. நீர்விட்டுத் தேய்க்கும் 400 எண் உப்புத்தாளால் இரு பக்கமும் சமமாகத் தேய்த்தேன். அடுத்த நாள் ஒலி இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு முறை கழுவும்போதும் பின்விளிம்பைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

திருகையும் அதைப் பிடித்துக்கொள்ளும் சிறு சதுரத் தகட்டையும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். தகடு மணலில் விழுந்தால் கண்டெடுப்பது அரிது. கூடுதலாக ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். உப்புநீரில் திருகு இறுகிப்போகும் என்பதால் மாதம் ஒரு முறையாவது கழற்றி நன்னீரில் அலசிவிட்டுப் பொருத்துகிறேன். ஃபின் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் பெட்டியின் விளிம்பு தெறிக்கும்.

இப்போது பெரும்பாலான நாள்களில் என் பலகையில் இருப்பது 9 அங்குல நெகிழ் ஃபின், பெட்டியின் பின்முனையிலிருந்து ஓர் அங்குலம் முன்னால். பாசி மிதந்தால் பின்சாய்வு ஃபின். அலை சிறுத்து, நீர் ஆழமாகவும் தெளிவாகவும் இருக்கும் காலைகளில் மட்டும் பழைய 10 அங்குலத்தை எடுத்து, ஒன்றரை அங்குலக் கோட்டில் பொருத்திக்கொண்டு மூக்குவரை நடக்கப் போகிறேன்.