ஃபார்ம் 16-இல் இல்லாத மூன்று லட்சம்: வரித் தாக்கல் சேவை ஒன்றோடு என் அனுபவம்

ஐந்துக்கு மூன்று ஸ்டார். ஆடிட்டருக்கு மட்டும் தனியாகப் போடலாம் என்றால் ஐந்து, சாட்டில் பதில் சொன்னவருக்கு ஒன்று கூட அதிகம்.

2024 ஜூலையில், ஆடிட்டர் உதவியோடு ரிட்டர்ன் போட்டுத் தரும் திட்டத்துக்கு 2,499 ரூபாய் கட்டினேன். எனக்குச் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். முந்தைய அக்டோபரில் கம்பெனி கொடுத்த ஈஸாப்பில் (ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் பங்கு தரும் திட்டம்) 400 பங்கு எடுத்தேன், பங்குக்கு 100 ரூபாய் கட்டி. அன்றைய மதிப்பு 850. வித்தியாசம் 750, பெருக்கினால் மூன்று லட்சம். பங்கை விற்கவில்லை, கையில் ஒரு பைசா வரவில்லை, ஆனாலும் சட்டப்படி அது சம்பளத்தோடு சேரும் பெர்க்விசிட், அதாவது வரிக்கு உட்பட்ட சலுகை. கம்பெனி அதற்கு டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்றான ஃபார்ம் 16-இல் அது இல்லை, சலுகைகளைக் காட்டும் 12பிஏ படிவத்தில் வரிசையாகப் பூஜ்யம். பேரோல் (சம்பளக் கணக்கு) பார்ப்பவருக்கு அந்தத் தகவலே போகவில்லையாம்.

சாட்டில் கேட்டேன். "ஃபார்ம் 16-லயும் இல்ல, ஏஐஎஸ்லயும் இல்ல, அப்புறம் ஏன் சார் போடணும்? அது உங்க எம்ப்ளாயர் பொறுப்பு" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. (ஏஐஎஸ் என்பது வருமான வரித் துறை நம் பெயரில் வைத்திருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கை.) உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க அதை நம்பிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் போனில் வந்த ஆடிட்டர் மேடம் அதைக் கேட்டதும் ஒரு நொடி பேசவே இல்லை. அப்புறம் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். பிடிக்க வேண்டியது கம்பெனியின் கடமை, பிடிக்காமல் விட்டால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அவர்கள் மேல் பாயும், மாதம் 1 சதவீதம் வட்டியும் உண்டு. ஆனால் வருமானம் உங்களுடையது, பிடிக்காமல் விட்ட வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும் என்கிறது 191-ஆவது பிரிவு. இதுவே உங்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் கம்பெனி வைத்துக்கொண்டிருந்தால் கதையே வேறு, அந்தத் தொகையை உங்களிடம் கேட்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவு தடுக்கிறது. "உங்க பே ஸ்லிப்ல பிடித்தம் இருக்கா இல்லையா, முதல்ல அதைப் பாருங்க" என்றார். அக்டோபர் ஸ்லிப்பைத் திறந்து பார்த்தேன், இல்லை.

இந்த ஒரு கேள்வியை இந்தச் சேவையின் சாஃப்ட்வேர் எங்கேயும் கேட்பதில்லை என்பதுதான் என் பெரிய குறை. ஃபார்ம் 16-ஐ ஏற்றினால் அதில் உள்ளதை அப்படியே இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பெர்க்விசிட்டைக் கையால் சேர்க்கும் கட்டம் மூன்று திரை தள்ளி ஒளிந்திருக்கிறது.

சேர்த்ததும் கணக்கு வந்தது. 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 93,600. அதோடு வருடத்துக்குள் தவணையாகக் கட்ட வேண்டிய முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்டாததற்கு 234பி பிரிவில் நாலு மாத வட்டி 3,744, தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி-யில் 4,725. அக்டோபரில் வந்த பங்குக்கு ஜூன் தவணையிலிருந்தே வட்டி போட்டிருந்தது, தப்பு என்று சண்டைக்குப் போனேன். வருமானம் வந்த பிறகு வரும் தவணைகளுக்கு மட்டும் வட்டி என்ற சலுகை மூலதன ஆதாயம், டிவிடெண்ட் மாதிரி சிலவற்றுக்குத்தான், சம்பளத்துக்குக் கிடையாது என்றார் மேடம். தோற்றுவிட்டேன். வரி கட்டுவது மட்டும் சுலபமாக இருந்தது: வருமான வரித் தளத்திலேயே 'செல்ஃப் அசெஸ்மென்ட்' (நாமே கணக்கிட்டுக் கட்டும் வரி), கோட் 300, சலான் எண்ணை ரிட்டர்னில் ஒட்ட வேண்டியதுதான். கெடு நாளான ஜூலை 31-க்கு நாலு நாள் முன்பே முடிந்தது.

மேடம் இன்னொன்றும் சொன்னார், வேறு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது 850-க்கு வரி கட்டினால் நாளை விற்கும்போது அடக்க விலை 850. இப்போது மறைத்தால் அன்றைக்கு 850-ஐ எப்படிக் காட்டுவாய்? காட்டாமல் 100 என்று போட்டால் லாபம் ஊதிவிடும், 850 என்று போட்டால் நீயே மாட்டிக்கொள்வாய்.

கம்பெனிக்கு ஒரு மெயில் வரைவும் எழுதிக் கொடுத்தார், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. எச்ஆர் முதலில் "போன வருஷ கணக்கு மூடியாச்சு" என்று நழுவினார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களே என் ரிட்டர்ன் நகலைக் கேட்டு வந்தார்கள். நான் வருமானத்தைக் காட்டி வரியும் கட்டிவிட்டேன் என்று ஒரு சிஏ சான்றோடு 26ஏ படிவம் போட்டால், அதே வரியை அவர்களிடம் மறுபடி கேட்க மாட்டார்கள். வட்டி மட்டும் அவர்கள் தலையில். ஹிந்துஸ்தான் கோகோ கோலா வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான், 2012-இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

சரி, என் 8,469 ரூபாய் வட்டியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். சந்தோஷமாக மேடத்துக்கு மெசேஜ் போட்டேன். "நல்லது சார். ஆனா உங்க கடனை எம்ப்ளாயர் கட்டினா அதுவும் பெர்க்விசிட்தான். இந்தத் தடவையாவது டிடிஎஸ் பிடிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.