முடக்குவாதக் கண்காணிப்புச் சேவை: அளவிடுவதில் தேர்ச்சி, அழைத்தால் தாமதம்

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் என் தாயார், பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்துடன் ஒரு பொது மருத்துவமனையில், மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். மருத்துவரைச் சந்திக்கும் நாள்களுக்கு இடையே, தாதியரே நடத்தும் கண்காணிப்புச் சேவை ஒன்று அங்கு உண்டு. இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயை அளந்து பார்ப்பதே இச்சேவையின் பலம். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என 28 மூட்டுகளைத் தாதி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, எது வீங்கியிருக்கிறது, எது தொட்டால் வலிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். அந்த எண்ணிக்கையுடன் இரத்தத்தில் தெரியும் அழற்சியின் அளவையும், நோயாளி தம் உடல்நிலைக்குத் தாமே தரும் மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடப்படுகிறது, அது 2.6-க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1-ஐத் தாண்டினால் தீவிரமாக இருக்கிறது. மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவுசெய்ய இது உதவுகிறது. யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொல்லிப் பழகிய என் தாயாரைப் போன்றவர்களுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது.

ஆனால் அந்த 28-இல் கணுக்காலும் பாதமும் சேரா. என் தாயாரை அதிகம் வாட்டுவதோ பாதத்தின் முன்பகுதிதான். எங்களுக்கு அமைந்த தாதி, நாங்கள் கேட்காமலேயே காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அது ஒருவரின் நல்ல பழக்கமாக நின்றுவிடாமல், எல்லாரும் பின்பற்றும் நடைமுறையாக வேண்டும்.

மருந்து விளக்கத்துக்கும் போதிய நேரம் ஒதுக்குகிறார்கள். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். தாதி வெள்ளிக்கிழமை என்று நாளைக் குறித்துக் கொடுத்து, அதன் பக்கவிளைவுகளைக் குறைக்கும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளுக்கு ஒதுக்கி, கல்லீரலையும் இரத்த அணுக்களையும் ஏன் அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பதையும் தமிழில் சொன்னார். கையில் தந்த விளக்கத்தாளோ ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மூத்தோர் வீட்டில் தனியாக மருந்துப் பையைப் பிரிக்கும்போது, தாதி சொன்னதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

பெரிய குறை தொலைபேசிதான். நோய் திடீரெனத் தீவிரமடையும் நாளில் அழைத்தால், பொதுவான முன்பதிவு எண்ணுக்குத்தான் போகிறது. அங்கிருப்பவர் தகவலை எழுதிக்கொள்கிறார், பதில் அழைப்போ அன்றைக்கே வருவதில்லை. இத்தனை நுணுக்கமாக நோயை அளப்பவர்கள், அது சீறும் நேரத்தில் தொடர்புக்கு எட்டாதிருப்பது பொருந்தவில்லை.

கட்டணத்தில் எனக்குக் குறையில்லை. நாட்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) திட்டத்தில் முடக்குவாதமும் அடங்குவதால், கட்டணத்தில் 15 விழுக்காட்டை ரொக்கமாகச் செலுத்தி, எஞ்சியதை ஆண்டு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவிலிருந்து கட்டலாம்.

முன்பதிவு செய்வோர் பிற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. காலையில் எழுந்ததும் மூட்டுகளில் இருக்கும் விறைப்பு தளரச் சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அவர்களை எட்டரை மணிக்கு வரச் சொல்வதில் பயனில்லை. கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள்.