ஏஜென்சி அனுப்பும் ரிப்போர்ட்டில் சர்ச் டெர்ம்ஸ் இல்லையா? அடுத்த மாதப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம், கூகுள் ஆட்ஸை மொத்தமாக ஓர் ஏஜென்சியிடம் விட்டிருந்தது. மாதா மாதம் பளபளவென்று பிடிஎஃப் வரும். கிளிக் கூடியிருக்கும், ஒரு கிளிக்கின் விலை குறைந்திருக்கும், கன்வெர்ஷனும் (கிளிக் செய்தவர் அழைப்பது, படிவம் நிரப்புவது போல நாம் எதிர்பார்க்கும் செயல்) ஏறியிருக்கும். விற்பனை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அக்கவுன்ட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் கிளிக் ஏன் மலிவாகக் கிடைத்தது என்று புரிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வாங்க வந்தவர்களே இல்லை.

பிடிஎஃப்பில் இருந்தது கீவேர்டு பட்டியல். கீவேர்டு என்பது நாம் கூகுளிடம் கொடுப்பது. சர்ச் டெர்ம் என்பது ஆள் உண்மையில் தட்டியது. காசு போவது இரண்டாவதற்கு. பட்டியலில் ‘அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்’ என்று ஒரே வரி. அதற்குள்ளே ‘அக்கவுன்டன்ட் வேலை’, ‘அக்கவுன்டிங் கோர்ஸ் சர்டிஃபிகேட்’, ‘சாஃப்ட்வேர் கிராக் டவுன்லோடு’ எல்லாம் இருந்தன. போட்டி நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்ற தேடலும் இருந்தது.

மோசமானது அந்தக் கடைசி தேடல்தான். விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு வரும் அழைப்பு 60 விநாடியைத் தாண்டினால் கன்வெர்ஷன் என்று எண்ணுவது கூகுளில் இயல்பாகவே இருக்கும் செட்டிங். அடுத்த கம்பெனி மென்பொருளில் பில் பிரின்ட் ஆகவில்லை என்று புகார் சொல்ல அழைப்பவர் ஒரு நிமிடத்தில் போனை வைப்பாரா? ஆக அவர் ரிப்போர்ட்டில் ‘லீட்’, அதாவது வாங்கக்கூடியவர், ஆகிவிட்டார். ஏலத்தொகையைக் கூகுளே முடிவு செய்யும் ஆட்டோமேட்டிக் பிட்டிங் அவரை நல்ல வாடிக்கையாளர் என்று எடுத்துக்கொண்டு, அவரைப் போன்றவர்களையே மேலும் தேடிப் பிடித்தது. கன்வெர்ஷன் ஏறிய கதை இதுதான்.

கீவேர்டோடு தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும் பிராட் மேட்ச்சே மோசடி என்று சொல்லவில்லை. கன்வெர்ஷனைச் சரியாக அளந்தால் அது வேலை செய்யும். ஆனால் கீவேர்டை வெறுமனே போட்டால் அது பிராட் ஆகத்தான் உட்காரும். தப்பான அளவீட்டோடு அதை அப்படியே விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் ஃபீ வாங்குவதைத்தான் ஏமாற்று என்கிறோம்.

‘ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கணக்கில் நெகட்டிவ் சேர்க்கிறோமே’ என்பது ஏஜென்சியின் பதில். நெகட்டிவ் என்பது ‘இந்தத் தேடலுக்கு விளம்பரம் வேண்டாம்’ என்று தடுக்கும் சொல். சேர்த்தது உண்மைதான். ரிப்போர்ட்டில் டிக் அடித்து நெகட்டிவ் ஆக்கினால் அந்த முழுத் தேடலும் எக்ஸாக்ட் ஆகப் பதிவாகும். அதே சொற்களை அதே வரிசையில் இன்னொருவர் தட்டினால்தான் தடுக்கும். நீளமான தேடல்கள் பெரும்பாலும் மறுபடி வருவதே இல்லை. பட்டியல் வளரும், செலவு குறையாது. தடுக்க வேண்டியது குற்றவாளிச் சொல்லை: ‘வேலை’, ‘கோர்ஸ்’, ‘கிராக்’. இதிலும் ஒரு பொறி உண்டு. நெகட்டிவ் கீவேர்டு ஒருமை, பன்மை, ஒத்த பொருள் எதையும் தானாகப் பிடிக்காது. எழுத்துப்பிழையை மட்டும் 2024 முதல் கூகுளே கவனிக்கிறது. ‘வேலை’ போட்டால் ‘வேலைவாய்ப்பு’, ‘சம்பளம்’ இரண்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ‘இலவச’ என்று போட்டாலும் ஆபத்து: ‘இலவச டெமோ’ கேட்பவர் வாங்கப்போகிறவர், அவரும் போய்விடுவார்.

நீங்களே சோதிக்க அரைமணி நேரம் போதும். கேம்பெயின்ஸ் பகுதியில் ‘இன்சைட்ஸ் அண்ட் ரிப்போர்ட்ஸ்’, அதற்குள் ‘சர்ச் டெர்ம்ஸ்’. 90 நாள் தரவை ஷீட்டில் இறக்கி, ஒவ்வொரு தேடலையும் தனிச் சொற்களாகப் பிரித்து, சொல்வாரியாகச் செலவையும் கன்வெர்ஷனையும் கூட்டுங்கள். பிறகு இரண்டிரண்டு சொற்களாகவும் செய்யுங்கள். வரிவரியாகப் பார்த்தால் சில்லறையாகத் தெரியும் ‘கோர்ஸ்’, கூட்டும்போது பட்ஜெட்டில் பெரிய ஓட்டையாக நிற்கும். நோக்கமே வேறு என்று பளிச்செனத் தெரிந்தால் உடனே வெட்டுங்கள். சந்தேகமானதை, ஒரு லீடுக்கு நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகையைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாகியும் ஒன்றும் வராவிட்டால் வெட்டுங்கள். பட்டியலில் உள்ள செலவு மொத்தச் செலவைவிடக் குறைவாக இருக்கும். 2020 செப்டம்பரிலிருந்து குறைவாகத் தேடப்படும் சொற்களைக் கூகுள் காட்டுவதில்லை. அந்த இடைவெளிக்கு ஏஜென்சியைக் குறை சொல்ல முடியாது.

அதே ஷீட்டில் உங்கள் நிறுவனப் பெயர் உள்ள தேடல்களைத் தனியே வடிகட்டிப் பாருங்கள். பெயரைத் தட்டித் தேடுபவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர். அந்த மலிவான கன்வெர்ஷன்களை மற்றவற்றோடு கலந்து சராசரி காட்டுவது பழைய வித்தை. பிராண்டுக்குத் தனி கேம்பெயின், மற்றவற்றில் பிராண்டுக்கு நெகட்டிவ், கூகுளின் எல்லாத் தளங்களிலும் தானாக ஓடும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் கேம்பெயினில் பிராண்ட் எக்ஸ்க்ளூஷன் (பெயர்த் தேடலை விலக்குவது) கேளுங்கள். பிரித்த பிறகு எண்கள் எப்படிச் சுருங்குகின்றன என்று பாருங்கள்.

இதெல்லாம் அக்கவுன்ட் உங்கள் கையில் இருந்தால்தான். ‘எங்கள் அக்கவுன்ட்டிலேயே ஓட்டுகிறோம், பார்க்க அனுமதி தர இயலாது’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அக்கவுன்ட்டை உங்கள் மெயிலில் திறந்து, அட்மின் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, பத்து இலக்கக் கஸ்டமர் ஐடியை மட்டும் கொடுங்கள். பலரின் அக்கவுன்ட்டுகளைத் தனித்தனியாக வைத்தே நிர்வகிக்கும் தங்கள் மேனேஜர் அக்கவுன்ட்டிலிருந்து அவர்கள் இணைத்துக்கொள்ளலாம். பிரிய நேர்ந்தால் இணைப்பைத் துண்டித்தால் போதும், பழைய தரவு உங்களிடமே இருக்கும். பல வாடிக்கையாளர்களை ஒரே அக்கவுன்ட்டில் போட்டு ஓட்டுபவர்களிடம் சிக்கினால் அந்த வரலாற்றைப் பிரித்து வாங்க வழியே கிடையாது.

உரிமை இருந்தால் ‘சேஞ்ச் ஹிஸ்டரி’யையும் திறந்து பாருங்கள். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று இரண்டு வருடம் வரை காட்டும். மேலே சொன்ன அக்கவுன்ட்டில் அந்தப் பக்கத்தில் மாதக் கடைசியில் மட்டும் மொத்தமாகச் சில எக்ஸாக்ட் நெகட்டிவ்கள். மற்றதெல்லாம் கூகுளின் பரிந்துரைகள் தானாகவே அமலானவை.