விளையாடப் போவதில்லை என்று தெரிந்த பிறகு கேமை எங்கே வாங்கலாம்?

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் என் கணக்கில் 212 கேம் இருக்கிறது. அதில் ஒருமுறைகூடத் திறக்காதவை 140. போன தீபாவளி லீவில், வெளியே சரவெடி வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நூறில் அறுபத்தாறு. 2014ல் ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஸ்டீம் கணக்குகளை அலசியபோது, வாங்கிய கேம்களில் சுமார் 37 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று கணக்கு வந்தது. ஸ்கூலில் நான் 66 வாங்கியிருந்தால் அம்மா தெருவுக்கே சாக்லேட் கொடுத்திருப்பார்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஸ்டீம் தன் பயனாளர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால், அவர் 2024 முழுக்க விளையாடியது 4 கேம். நானும் அவரைப் போலத்தான். வருடத்துக்கு 4 என்றால் 140 கேமை முடிக்க 35 வருடம். எனக்கு இப்போது 39.

எந்தக் கடையில் விலை குறைவு, எந்தச் சந்தாவில் கேம் அதிகம் என்று சொல்லும் ஒப்பீடுகள் ஏராளம். எல்லாமே வாங்குகிறவன் விளையாடுவான் என்று நம்பி எழுதியவை. நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசையைத் தாண்டி தண்டையார்பேட்டை வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. ஹாலில் டிவி அம்மாவின் சீரியலுக்கு. வாரத்தில் எனக்கென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி ஒன்றின் முக்கியக் கதைக்கே ஐம்பது மணி நேரம் வேண்டும்; எனக்கு அது நான்கு மாதம். அதனால் என் கேள்வியே வேறு. வாங்கியதை விளையாடாமல் விட்டால் எந்த வழியில் நஷ்டம் குறைவு?

முதலில் ஸ்டீம் தள்ளுபடி. ஜூன் கடைசியில் ஒன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒன்று, நடுவில் சின்னச் சின்னதாக இன்னும் சில. 2015ல் ரூபாயில் விலை போட ஆரம்பித்தார்கள். அப்புறம் யூபிஐயும் வந்தது. ஆயிரக்கணக்கில் விலை போட்ட கேம் முன்னூறு ரூபாய்க்கு நிற்கும்போது, அது ஒரு பிரியாணி விலைதானே என்று மனசு சொல்லும். பிரியாணியை வாங்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுவோம் என்பதை மட்டும் சொல்லாது. அப்படி வாங்கி வாங்கித்தான் 212 வந்தது. எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிக்குப் போய் மூன்று நைட்டி வாங்கி வந்து, இரண்டை பீரோவிலேயே வைத்திருக்கும் என் அம்மாவை நான் எந்த முகத்தோடு கேலி செய்வது?

ஆனால் விளையாடாதவனுக்கு ஸ்டீமில் ஒரு பெரிய வசதி உண்டு. அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள், இந்த விதியில் முழுத் தகுதியோடு நிற்பவன் கேமைத் தொடவே தொடாதவன்தான். அவனைத் தோற்கடிப்பது காலண்டர் மட்டுமே. தள்ளுபடி ஓடுவதே ஏறக்குறைய இரண்டு வாரம். முதல் நாள் வாங்கியதற்கு அது முடிவதற்குள் கெடுவும் தாண்டிவிடும். இப்போது நான் எதை வாங்கினாலும் போனில் பதின்மூன்றாவது நாளுக்கு அலாரம் வைக்கிறேன். அன்றைக்கும் திறக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போன ஜூனில் வாங்கிய ஐந்தில் நான்கு இப்படித் திரும்பிப் போயின.

கெடு தாண்டிவிட்டால் கதை முடிந்தது. விற்க முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது. நாம் வாங்குவது கேமை அல்ல, விளையாடும் உரிமத்தைத்தான் என்று 2024 கடைசியிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். கணக்கை மகள் பெயருக்கு மாற்றி எழுதவும் வழி கிடையாது. ஒரே வீட்டில் இருக்கும் குடும்பமாக ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல்.

அடுத்தது சிடி. டிவியில் மாட்டி விளையாடும் பிளேஸ்டேஷன் மெஷினின் டிஸ்க்கை எங்கள் ஏரியாவில் இன்றும் சிடி என்றுதான் சொல்வோம். பர்மா பஜார் காலத்துப் பழக்கம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிரே உருவான கடை வரிசை அது. பிஎஸ்2 நாட்களில் நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு அங்கே ஒரே ஒரு சிடி வாங்குவோம். நகல்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்கி வரும் வழியில் ஆளுக்கொரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். அந்த ஒரு சிடியை மாதக்கணக்கில் விளையாடுவோம். வேறு சிடி இல்லை, அவ்வளவுதான் காரணம்.

பிஎஸ்5க்குப் புதுசாக வரும் பெரிய கேம் ஒன்றை 4,999 ரூபாய் கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் சிடிதான் படு மோசமான வழி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்குள் 140 கேம் தூங்குவது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஷோகேஸில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மூன்று சிடி இருந்தால் வீடே பார்க்கும். வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போதெல்லாம் அம்மா ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்: "டேய், இத்த இன்னிக்காவது பிரிப்பியா, இல்ல நான் பாத்திரக்காரன் கிட்ட போடட்டுமா?" மனைவி எதுவும் சொல்ல மாட்டாள். சிடியைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். ஷோகேஸுக்கு மூன்று சிடி வந்த பிறகு நான் நாலாவது வாங்கவில்லை.

பணக் கணக்கிலும் சிடிக்கு ஒரு விசித்திரமான நியாயம் இருக்கிறது. விளையாடாமல் வைத்திருப்பதே மதிப்பாக மாறுவது இங்கே மட்டும்தான். சீல் உடையாத சிடிக்கு செகண்ட் ஹேண்டில் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைக்கும். 4,999க்கு வாங்கியதை எட்டு மாதம் கழித்து 2,800க்கு விற்றேன். நஷ்டம் 2,199. கேட்க வலிக்கிறதுதான், ஆனால் ஸ்டீமில் தூங்கும் 140ல் ஒன்றுகூட எனக்குப் பத்து ரூபாய் திருப்பித் தராது. விற்பதென்றால் சீக்கிரம் விற்க வேண்டும். ஆன்லைனில் அதே கேமுக்குத் தள்ளுபடி வந்த மறுநாளே சிடி விலையும் இறங்கும். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை வாங்கியவர்களுக்கு இந்த வழியே கிடையாது. மெஷின் வாங்கும்போது சில ஆயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எபிக் என்ற இன்னொரு ஆன்லைன் கடையின் இலவசத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய கடை. வியாழக்கிழமை இரவானால் ஏதாவது ஒரு கேம் இலவசமாக வரும், எடுத்து வைத்துக்கொண்டால் நம்முடையது. 2020 மே மாதம் ஜிடிஏ 5 கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே படுத்துவிட்டது. கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம் மண்டலம் தினமும் முதலிடத்தில் நின்ற நாட்கள் அவை. வீட்டை விட்டு நகர முடியாது, நேரம் நிறைய இருந்தது. ஆனால் கேம் 90 ஜிபிக்கு மேல், என் போன் பிளானில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. இரண்டு மாதம் இறக்க வேண்டும். இன்றுவரை இறக்கவில்லை. காசு போகவில்லை, அதனால் வருத்தமும் இல்லை.

கடைசி இடம் சந்தாவுக்கு, யோசிக்காமல். கேபிளில் இருநூறு சேனல் வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸில் நூற்றுக்கணக்கில் கேம் இருக்கும். மாத நடுவிலும் மாதக் கடைசியிலும் சில கிளம்பிப் போகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் ஆளுக்கு அந்த நாளைக்கு வராது. சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மாதாமாதம் தரும் கேம்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தா உயிரோடு இருக்கும் வரைதான் அவை திறக்கும். ஆக, விளையாடாமல் சேர்த்த குவியலே அடுத்த வருடம் பணம் கட்ட வைக்கும். அடகுக் கடையில் நகையை மீட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வட்டி மட்டும் கட்டுவது மாதிரி. எந்த நிறுவனம் என்று வேண்டாம், ஒரு சந்தாவுக்குப் பதினான்கு மாதம் கட்டி மொத்தம் இரண்டு கேம் விளையாடியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே வங்கி எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்தது. பதினான்கு முறை படித்துவிட்டு போனைப் பாக்கெட்டில் போட்டேன்.

ஐந்தாவதாக ஒரு வழி இருப்பதை அக்கா பையன்தான் ஞாபகப்படுத்தினான். வியாசர்பாடியில் அவர்கள் வீட்டுப் பக்கம் ஒரு கேம் கடை, மணிக்கணக்கில் காசு. எங்கள் பக்கத்து கேரம் மன்றங்கள் நடப்பதும் ஏறக்குறைய இந்த மாதிரிதான். போர்டு ஒன்று, சுற்றி நிற்பவர்கள் பத்துப் பேர். பவுடர் காயும் நேரமே கிடையாது. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. வீட்டில் 140 கேரம் போர்டு வாங்கி அடுக்கியவர் யாரும் இந்தப் பக்கம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மணி நேரம், 120 ரூபாய், கால்பந்து.

"மாமா, உங்க வீட்லயே அவ்ளோ கேம் கீதே, இங்க வந்து இன்னாத்துக்கு காசு குடுக்குற?" என்றான் பையன்.

பதில் சொல்ல நேரமில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்கோர் 5-1, நான்தான் ஒன்று. கடைப் பையன் வந்து "அண்ணே, டைம் முடிஞ்சுது" என்றான்.

"இன்னும் அரை மணி போடு" என்றேன்.