பத்து நாள் விபாசனா முகாம்: தொழில் நடத்துபவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

தொழிலதிபர்களுக்கு மனஉறுதி பழக்கித் தருவதாகச் சொல்லும் இரண்டு நாள் ஓட்டல் பயிலரங்குகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் பயன் பெரும்பாலும் திங்கட்கிழமை மதியம் வரைதான். எஸ்.என். கோயங்கா பரப்பிய மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா (உடலின் உணர்வுகளைக் கவனிக்கும் பௌத்தத் தியானம்) முகாம் அந்த ரகம் அல்ல. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். சென்னையில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது இதற்கான மையம். நிர்வாகிகளுக்கென்று தனி முகாம்களும் சில மையங்களில் நடக்கின்றன. அவற்றிலும் பாடமும் விதிகளும் இதேதான், சலுகை எதுவும் இல்லை.

கோயங்கா 1924-ல் மாண்டலேயில் பிறந்த வணிகர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி வரை போனவர். 1955-ல் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஊ பா கின் துறவி அல்ல, பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் கோயங்காவின் தொழில்கள் நாட்டுடைமையாயின. 1969-ல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். வணிகர் தொடங்கியது என்பதாலோ என்னவோ, முகாம் நாள் முழுக்க ஆலை ஷிப்ட் போல மணியடித்து நடக்கிறது.

காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், இரவு 9.30-க்கு விளக்கு அணையும். இடையில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் தியானம். போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது. சக பயிற்சியாளர்களுடன் பேச்சும் சைகையும் பத்தாம் நாள் காலை வரை கிடையாது. முதல் மூன்றரை நாள் மூக்கடியில் மூச்சைக் கவனிப்பது மட்டும். நான்காம் நாள்தான் விபாசனா தொடங்கும்: தலை முதல் கால் வரை உடலின் உணர்வுகளை வரிசையாகக் கவனிக்க வேண்டும். அதன்பின் தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும்.

தொழில் நடத்துபவருக்கு உண்மையான சரக்கு இந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. முழங்கால் வலிக்கும், கன்னத்தில் அரிக்கும், ஆனால் உடனே எதுவும் செய்யக்கூடாது. ஆர்டர் ரத்தான மின்னஞ்சலைப் படித்த கையோடு காட்டமாகப் பதில் தட்டும் பழக்கம் தளர்வது இங்கேதான். இரவுச் சொற்பொழிவுகளில் மறுபிறவி பற்றிய பகுதிகள் எல்லோருக்கும் ஒப்பாது. அதை ஒதுக்கிவிட்டாலும் பயிற்சி குறையாது.

பலர் திணறுவது இரண்டாம் நாளும் ஆறாம் நாளும். காபி திடீரென்று குறைவதால் வரும் தலைவலியைத் தியானத்தின் விளைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு வாரம் முன்பே அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. உட்காரும் முறையை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், இது பெரிய குறை. முதுகு, முழங்கால் பிரச்சினை இருந்தால் முதல் நாளே நாற்காலி கேளுங்கள். தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது ஏற்றதல்ல. விண்ணப்பத்தில் அதை மறைப்பது ஆபத்து.

முகாமை நடுவில் விட்டு ஓடும் முதலாளிகளுக்கு முழங்காலைவிடப் பெரிய காரணம் ஆபீஸ். பதிவு மாலை முதல் கடைசிக் காலை வரை காலண்டரில் 12 நாள் போகும். மாதாந்தரக் கெடு நாட்களைப் பாருங்கள்: டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) 7-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) 11-ஆம் தேதி, ஊழியர்களுக்கான பிஎஃப்பும் (வருங்கால வைப்பு நிதி) இஎஸ்ஐயும் (மருத்துவக் காப்பீடு) 15, ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் படிவம்) 20. ஆக, 21-க்குப் பிறகு தொடங்கி மறுமாதம் 4-க்குள் முடியும் முகாமே வசதி. மார்ச் கடைசி மட்டும் வேண்டாம்.

சம்பளம் இந்த இடைவெளியில் விழும். நெட் பேங்கிங்கில் ஒரே ஆள் பதிந்து, அவரே ஒப்புதல் தரும் கணக்கானால், போன் பெட்டிக்குள் போனதும் ஓடிபியும் போய்விடும். இரண்டாவது ஒப்புதலாளரைச் சேர்க்க வங்கிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, சின்னத் தொகை அனுப்பிச் சோதியுங்கள். ஒரே உரிமையாளர் நடத்தும் (புரொப்ரைட்டர்ஷிப்) நிறுவனமானால் ஜிஎஸ்டி தளத்தில் இன்னொருவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கலாம். சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில்லுக்குத் துணைப் பயனர் கணக்கு போதும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பாஸ்வேர்டையும் கணக்காளரிடம் கொடுத்துவிட்டுப் போவது பரவலாக நடக்கிறது, ஆனால் அது தவறு. செலவுக்கும் தள்ளுபடிக்கும் மேலாளர் எந்தத் தொகை வரை தானே முடிவெடுக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எல்லாமே திரும்பி வரும்வரை காத்திருக்கும். அவசரமென்றால் வீட்டார் மைய அலுவலகத்தை அழைக்கலாம். எது அவசரம் என்று அவர்களுக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

இதில் எங்கே சிக்குகிறதோ, நாளை உடம்பு முடியாமல் படுத்தாலும் கம்பெனி அங்கேதான் சிக்கும். முகாமுக்குப் போகாவிட்டாலும் இந்த ஒத்திகை வீண்போகாது.

முகாமுக்குப் பின் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்கிறார்கள். தொழில் நடத்துபவர்களில் இதை நீடித்துச் செய்பவர்கள் குறைவு. வாராந்தரக் கூட்டு அமர்வும், முடித்தவர்களுக்கான ஒரு நாள் முகாமும் ஓரளவு கைகொடுக்கும். தொழில் முழுகும் நெருக்கடியில் தப்பித்துப் போக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பத்து நாளும் கடன்காரர் முகம்தான் மூச்சோடு வந்துபோகும். தொழில் நிதானமாக ஓடும் ஆண்டில் போங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடுங்கள். திரும்பிய அன்று எந்தக் கூட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம்.