வண்டி எஞ்சினில் “சிலிண்டர் கட்”டை ஆஃப் பண்ணித் தருகிறோம் என்று சொல்லும் ஷெட் பக்கம் போகாதீர்கள்

மாதவரம், மூலக்கடை பக்கம் லோடு வண்டி ஓட்டுபவர்கள் கவனத்துக்கு. ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் என்னிடம் 4,500 ரூபாய் கறந்துவிட்டார்கள்.

காசிமேட்டில் இருந்து மீன் லோடு அடிக்கும் 2018 மாடல் டீசல் பிக்கப் எங்களுடையது. திடீரென்று இழுவை போய்விட்டது. லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏறினால் திணறல், பின்னால் கரும்புகை. ஷெட்டுக்காரர் பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. “அண்ணே, மைலேஜுக்காக ரெண்டு சிலிண்டரை கம்பெனிக்காரனே அப்பப்போ கட் பண்ற மாதிரி வச்சிருக்கான். அதை ஆஃப் பண்ணிட்டா வண்டி பறக்கும்” என்றபடி ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன டப்பாவைச் செருகினார். பச்சை லைட் மினுக்கியது. 200 கிலோமீட்டர் ஓடினால்தான் கம்ப்யூட்டர் ‘கத்துக்குமாம்’.

அவர் சொன்ன சங்கதி அமெரிக்காவில் உண்டு. ஷெவர்லே சில்வராடோ மாதிரி பெட்ரோல் வி8 பிக்கப்களில், லேசாக ஓடும்போது எட்டில் நாலு சிலிண்டர் நின்றுவிடும். அதைத் தடுக்க ஓபிடியில் செருகும் கருவியும் அங்கே விற்கிறார்கள். ஆனால் மேடு ஏறும்போது அங்கேயும் எட்டும் வேலை செய்யும்! பெட்ரோல் எஞ்சினில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது காற்றை இழுக்கவே சக்தி வீணாகும். அதை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. டீசலில் அந்த இழப்பு சொற்பம். நம்மூர் நாலு சிலிண்டர் டீசல் பிக்கப்பில் இது கிடையவே கிடையாது. இல்லாததை எங்கே போய் ஆஃப் பண்ணுவது?

டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். ஓபிடியில் 16 பின். இந்தக் கால வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேச பெரும்பாலும் 6, 14 இரண்டும் வேண்டும். இதில் அந்த இரண்டிலும் ஒயரே இல்லை. 16-இல் கரண்ட், 4-இல் எர்த், நடுவில் ஒரு எல்இடி. கோயில் திருவிழா சீரியல் லைட்டில்கூட இதைவிட வேலைப்பாடு இருக்கும்.

அப்புறம் தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர், ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஹோஸைக் கையால் தடவினார். கிளாம்ப் அடியில் கிழிசல், புஸ்ஸென்று காற்று. காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்ததுதான் அந்தப் புகை. ஹோஸை மாற்றியதும் வண்டி பழையபடி ஏறுகிறது.

பணத்தைக் கேட்டால் “200 கிலோமீட்டர் ஓட்டுனீங்களா?” என்கிறார் ஷெட்டுக்காரர். பில் கேட்டபோதே தரவில்லை, ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது. அதையும் டப்பாவின் போட்டோவையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே டப்பா உங்கள் வண்டியிலும் இருந்தால், கழற்றி 6, 14 பின்னைப் பாருங்கள்.